செவிலியும் பங்காளியும்: வறண்ட நிலத்தில் செடிகளின் அண்டை உறவு

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்துக்கு அடையாளமாக நிற்பது சகுவாரோ கள்ளி. தூண் போல 12 மீட்டருக்கு மேல் உயரும். ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் வாழும். ஆனால் முளைத்து எட்டு ஆண்டுகள் ஆன சகுவாரோ 4 சென்டிமீட்டர் உயரத்தைத் தொட்டிருந்தாலே பெரிது. அந்தக் குழந்தைக் கள்ளியை வெட்டவெளியில் தேடினால் கிடைக்காது. பாலோ வெர்டே என்னும் பச்சைப் பட்டை மரத்தின் அடியில் முட்டி போட்டுக் குனிந்து பார்க்க வேண்டும். கோடையில் வெயில் அதைக் கருக்கிவிடாமலும், குளிர்கால இரவில் உறைபனி தீய்த்துவிடாமலும், எலியும் முயலும் கண்டு கடித்துவிடாமலும் அந்த மரம் காத்து நிற்கிறது. இப்படிக் காக்கும் செடியைச் சூழலியலாளர்கள் செவிலிச் செடி என்கிறார்கள். பெற்ற தாய் வேறு, வளர்க்கும் தாய் வேறு என்று அறிந்த தமிழுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

கதை இத்தோடு நின்றிருந்தால் இனிமையாக இருந்திருக்கும். ஆனால் பல பத்தாண்டுகளில் கள்ளி வளர்ந்து செவிலியின் கிளைகளுக்கு மேலே தலைநீட்டுகிறது. அதன் வேர்கள் ஆழத்தில் இறங்குபவை அல்ல. ஒரு சாண் ஆழத்தில் நாலாபுறமும் விரிந்து, பெய்கிற மழையை மண்ணில் இறங்குவதற்கு முன்பே உறிஞ்சிக்கொள்பவை. மரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய நீர் குறைகிறது. 1984இல் ஜோசப் மெக்காலிஃப் வெளியிட்ட ஆய்வு, பெரிய சகுவாரோக்களை அண்டி நிற்கும் பாலோ வெர்டே மரங்களில் காய்ந்த கிளைகளும் சாவும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. மெக்சிகோவின் தெவாகான் பள்ளத்தாக்கிலும் இதே நாடகம் வேறு நடிகர்களோடு நடக்கிறது. அங்கே மிமோசா புதரின் நிழலில் ஒரு தூண்கள்ளி வளர்கிறது. வளர்ந்த பிறகு அதே மிமோசாவின் வளர்ச்சியையும் காய்ப்பையும் குறைத்துவிடுகிறது.

இந்த இரண்டு செடிகளின் உறவு நட்பா, பகையா? இந்தக் கேள்வியின் மேல்தான் வறள்நிலச் சூழலியல் ஒரு நூற்றாண்டாக உழன்றுவருகிறது. உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 41 விழுக்காடு வறள்நிலம். இருநூறு கோடிக்கும் அதிகமான மக்கள் அதில் வாழ்கிறார்கள். ஆகவே விடை ஆய்வகத்துக்கு மட்டும் உரியதல்ல. புதரை வெட்டலாமா வைத்திருக்கலாமா, மரத்தடியில் விதைக்கலாமா கூடாதா என்பதெல்லாம் அதைப் பொறுத்தவை.

போட்டி என்ற ஒற்றைக் கண்ணாடி

1859இல் டார்வின் வாழ்க்கைப் போராட்டம் பற்றி எழுதியபோது, பாலைவன ஓரத்துச் செடியை எடுத்துக்காட்டாகத் தந்தார். அந்தச் செடி போராடுவது வறட்சியோடு, பக்கத்துச் செடியோடு மட்டும் அல்ல என்பதை அவர் உணர்ந்தே எழுதினார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அந்த நுணுக்கம் தங்கவில்லை. சைபீரியாவின் கடுங்குளிரில் உயிரினங்களைக் கவனித்த குரோபோத்கின், 1902இல் வெளியான தம் நூலில் பரஸ்பர உதவியை முன்வைத்தார். தாவரவியலார் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் முன்னே வந்த செடி பின்னே வரும் செடிக்கு இடத்தைப் பக்குவப்படுத்துகிறது என்று 1916இல் விரிவாக எழுதினார். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முழுவதும் ஆய்வுகள் பெரும்பாலும் ஒன்றைத்தான் அளந்தன: அண்டைச் செடியை அகற்றினால் மிஞ்சிய செடி எவ்வளவு செழிக்கிறது?

அளந்தவர்களைக் குறைசொல்ல முடியாது. போட்டி மெய்யாகவே இருந்தது. கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் கிரியோசோட் புதரும் அம்புரோசியா புதரும் கலந்து வளர்கின்றன. 1978இல் ஃபான்டெய்னும் மகாலும் ஒரு புதரைச் சுற்றியிருந்த மற்றவற்றை வெட்டிவிட்டுப் பார்த்தபோது, தனித்து நின்ற புதரின் நீர்நிலை மேம்பட்டது. தண்ணீருக்கான இழுபறி அங்கே ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. ஃபிலிப்ஸும் மெக்மேனும் 1981இல் இன்னொன்றைக் காட்டினார்கள். சிறு புதர்கள் கூட்டமாக நிற்கின்றன. நடுத்தரப் புதர்கள் ஒழுங்கின்றிச் சிதறி நிற்கின்றன. பெரியவை யாரோ அளந்து நட்டாற்போல இடைவெளி விட்டு நிற்கின்றன. குழந்தைப் பருவத்தில் நெருக்கம், முதுமையில் விலக்கம். நடுவில் செத்துப்போனவற்றின் இடம்தான் அந்த இடைவெளி.

மண்ணுக்குள்ளே நடப்பது இன்னும் வியப்பானது. மகாலும் ராகன் கால்லவேயும் கண்ணாடிச் சுவர் வைத்த பெட்டிகளில் வேர்களை வளரவிட்டு, அவை ஒன்றையொன்று நெருங்கும்போது என்ன ஆகிறது என்று பார்த்து 1991இல் எழுதினார்கள். கிரியோசோட் வேர் பக்கத்தில் இருந்தாலே, தொடாமலே, மற்ற வேர்களின் ஓட்டம் தளர்ந்தது. மண்ணில் கரித்தூள் கலந்தபோது அந்தத் தடை குறைந்தது. அப்படியானால் வேரிலிருந்து ஏதோ ஒரு வேதிப்பொருள் கசிகிறது. அம்புரோசியாவின் வேரோ தொட்ட பிறகுதான் நின்றது. அதிலும் வேறொரு அம்புரோசியாவின் வேரைத் தொட்டால் நின்றது, தன் வேரையே தொட்டால் நிற்கவில்லை. தன்னையும் பிறரையும் பிரித்தறியும் வேர்! பங்காளிச் சண்டையில் வரப்பைப் போட்டுக்கொள்ளும் இருவரைப் போல, இந்தப் புதர்கள் மண்ணுக்குள் எல்லை வகுத்துக்கொள்கின்றன.

நிழலின் கீழே ஒரு தீவு

உதவியைப் பற்றிய சான்றும் பழையதுதான். ஃபிரிட்ஸ் வென்ட் 1942இல் தென் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் மழைக்குப் பின் முளைக்கும் ஒருபருவச் செடிகளைக் கவனித்தார். சில செடிகள் குறிப்பிட்ட புதர்களின் அடியில் மட்டுமே இருந்தன. அம்புரோசியா அடியில் பச்சை; சற்றுத் தள்ளி நின்ற என்சீலியா புதரின் அடியில் ஒன்றும் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் என்சீலியா இலையிலிருந்து நாற்றுகளைக் கொல்லும் ஒரு பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. புதிர் அவிழ்ந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அவிழவில்லை. கார்னீலியஸ் முல்லர் 1950களில் வெளியிட்ட ஆய்வுகளில், அம்புரோசியாவிலும் நஞ்சு இருப்பதைக் காட்டினார். ஆனாலும் அதன் அடியில் செடிகள் செழித்தன. வேறுபாடு நஞ்சில் இல்லை, புதரின் உருவத்தில் இருந்தது. அம்புரோசியா தாழ்ந்து அடர்ந்து வளர்வதால் காற்றில் வரும் சருகும் மண்ணும் அதன் அடியில் தங்கி மக்குகின்றன. என்சீலியாவின் அடி திறந்து கிடக்கிறது, எல்லாம் பறந்துபோகிறது. ஆய்வகத் தட்டில் கொல்லும் நஞ்சு, நுண்ணுயிர்கள் வாழும் மண்ணில் சிதைந்து போகலாம். இலைச்சாற்றை விதை மேல் ஊற்றிப் பார்த்து, ‘இந்த மரம் எதையும் வளரவிடாது’ என்று முடிவு கட்டும் ஆய்வுகள் இன்றும் நிறைய வருகின்றன. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முல்லர் நினைவுக்கு வருவார்.

புதரடியில் தங்குவது சருகு மட்டுமல்ல. இலையுதிர்வு, பறவை எச்சம், எறும்புப் புற்று, வேர் மக்கிய சத்து என்று எல்லாம் சேர்ந்து, சுற்றியிருக்கும் கட்டாந்தரைக்கு நடுவே ஒரு வளத்தீவை உண்டாக்குகின்றன. பயறுக் குடும்பத்து மரமானால் வேர் முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனும் சேர்கிறது. கென்யாவின் சாவோ பகுதியில் ஜாய் பெல்ஸ்கியும் கூட்டாளிகளும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், குடைபோல் விரிந்த வேலமரத்தின் அடியிலும் பெருக்கமரத்தின் அடியிலும் புல்பூண்டு வெளியிடத்தைவிட அதிகமாக விளைந்தது. மண் குளிர்ந்திருந்தது, வளம் கூடியிருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மரத்தடியில் செடி இருப்பதாலேயே மரம் அதற்கு உதவியது என்று சொல்லிவிட முடியாது. பறவை கிளையில் உட்கார்ந்து விதையை எச்சமிட்டிருக்கலாம்; காற்று விதையைக் கொண்டுவந்து புதரில் மோதிப் போட்டிருக்கலாம். அதனால்தான் வாலியென்டே பானுவெட்டும் எஸ்கூர்ராவும் தெவாகானில் 1991இல் செய்த வேலை முக்கியமானது. விதை எங்கும் விழுகிறது, ஆனால் நிழல் உள்ள இடத்தில்தான் நாற்று பிழைக்கிறது என்பதை அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். வெட்டவெளியில் செயற்கை நிழல் போட்டாலும் நாற்று தாங்கியது. காரணம் விதைப்பரவல் அல்ல, வெப்பம்.

நிழலைவிட எனக்குப் பெரிய வியப்பு வேர்வழி நீரேற்றம். பகலில் இலைகள் நீராவியை வெளிவிடும்போது வேர்கள் நீரை இழுத்து மேலே அனுப்புகின்றன. இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்ள, இழுப்பு நிற்கிறது. அப்போது ஆழத்தில் ஈரமண்ணில் இருக்கும் வேர்களிலிருந்து நீர் மேலேறி, மேல்மட்டத்துக் காய்ந்த மண்ணில் இருக்கும் வேர்கள் வழியே கசிகிறது. ஈரமான இடத்திலிருந்து காய்ந்த இடத்துக்கு நீர் நகர்கிறது, அவ்வளவுதான் இயற்பியல். ரிச்சர்ட்ஸும் கால்டுவெல்லும் 1987இல் அமெரிக்காவின் சேஜ் புதரில் இதை அளந்தார்கள். பிறகு, நீரின் தடத்தைக் காண்பதற்காக, டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) கலந்த நீரைப் புதரின் ஆழவேருக்குக் கொடுத்தார்கள். அது பக்கத்துப் புல்லின் தண்டில் வந்து நின்றது. ஒரு செடி இறைத்த நீரை இன்னொரு செடி குடிக்கிறது என்பதற்கு அதைவிட நேரடிச் சான்று வேண்டுமா?

ஆனால் குடிப்பதால் லாபம் என்று ஆகிவிடாது. தான்சானியாவில் ஃபுல்கோ லுட்விக் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு இதை அழுத்தமாகச் சொன்னது. வேலமரத்தைச் சுற்றி அகழி வெட்டி, மரவேரையும் புல்வேரையும் பிரித்தார்கள். மரம் ஏற்றித்தந்த நீர் புல்லுக்கு இல்லாமல் போனது. இருந்தும் புல் முன்னைவிட நன்றாக வளர்ந்தது. மரம் இரவில் கொடுத்ததைவிடப் பகலில் எடுத்துக்கொண்டது அதிகம். கலிஃபோர்னியாவின் ஓக் மரங்களிலும் இதே பாடம். 1991இல் கால்லவேயும் கூட்டாளிகளும் கண்டபடி, வேர் ஆழமாக இறங்கிய ஓக்கின் அடியில் புல் செழித்தது. மேல்மண்ணில் சல்லிவேர் பரப்பிய ஓக்கின் அடியில் புல் மங்கியது. மரம் ஒரே இனம், நிழல் ஒரே நிழல், சருகும் ஒன்றே. உறவை மாற்றியது வேர் இருந்த ஆழம்.

நெருக்கடி கூடினால் உதவி கூடுமா?

1994இல் மார்க் பெர்ட்னஸும் கால்லவேயும் முன்வைத்த கருதுகோள் இந்தத் துறையின் திசையையே மாற்றியது. சூழல் இதமாக இருக்கும் இடத்தில் செடிகளுக்குள் போட்டி ஓங்கும். சூழல் கடுமையாகக் கடுமையாக உதவி ஓங்கும் என்றார்கள் அவர்கள். வளமான இடத்தில் பக்கத்துச் செடி வெயிலைப் பறிக்கிறது. கடுமையான இடத்தில் அதே செடி வெயிலைத் தணிக்கிறது. இதை நெருக்கடிப் படிநிலைக் கருதுகோள் என்று சொல்லலாம்.

தமிழர்க்கு இந்தக் கருத்தின் ஒரு பாதி பழக்கமானது. பாலை என்பது தனி நிலமல்ல. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு திரிந்து பாலை ஆகின்றன என்கிறது சிலப்பதிகாரம். வறட்சியை வரைபடத்தில் ஓர் இடமாகப் பார்க்காமல், ஒரே இடம் எட்டிவிடும் ஒரு நிலையாகப் பார்த்த பார்வை அது. செடிகளின் உறவையும் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே புதர், ஒரே பக்கத்துச் செடி. பங்குனியில் ஒரு உறவு, ஐப்பசியில் இன்னொன்று.

கருதுகோளுக்கு ஆதரவு பெருமளவில் கிடைத்தது. இஸ்ரேலில் மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து பாலைவனம் வரை நீளும் மழைச்சரிவில் ஹோல்ட்சாப்ஃபெலும் கூட்டாளிகளும் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஈரமான முனையில் புதர் ஒருபருவச் செடிகளை ஒடுக்கியது; பாலைவன முனையில் அவற்றை வளர்த்தது. உலகம் முழுவதிலிருந்தும் ஆய்வுகளைத் திரட்டி 2013இல் சியாங் ஹேயும் பெர்ட்னஸும் ஆல்டியேரியும் செய்த தொகுப்பும், நெருக்கடி கூடக்கூட உறவு உதவியின் பக்கம் சாய்கிறது என்றே முடித்தது.

எதிர்ச்சான்றும் வலுவானதே. அதே இஸ்ரேலின் நெகேவ் மணல்மேடுகளில் டீல்பெர்கரும் காட்மோனும் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2000இல் எழுதியது நேர்மாறு. மழை குறைந்த ஆண்டில் புதர் ஒருபருவச் செடிகளுக்குத் தொல்லையாகவோ, ஒரு பொருட்டாக இல்லாமலோ இருந்தது. மழை கூடிய ஆண்டில்தான் உதவியது. தென்கிழக்கு ஸ்பெயினில் ஃபெர்னான்டோ மாஸ்த்ரேயும் ஜோர்டி கோர்டினாவும் 2004இல் காட்டியது: எஸ்பார்ட்டோ புல்லின் துணை நடுத்தர வறட்சியில் நாற்றுக்கு நன்மை தந்தது, வறட்சி மிகமிகக் கடுமையான இடத்தில் மீண்டும் போட்டியே மிஞ்சியது. அவர்கள் தந்த விளக்கம் எளியது. மண்ணில் இருப்பதே ஒரு குவளை நீர் என்றால், நிழல் தரும் செடி அந்தக் குவளையைத் தானே குடித்துவிடும். பிறகு நிழல் எதற்கு?

இரு தரப்பும் பல ஆண்டுகள் வாதிட்டன. என் கணிப்பில், இந்த வாதத்தின் பாதி, எதை அளந்தோம் என்பதைச் சொல்லாமல் விட்டதால் வந்தது. டெபோரா கோல்ட்பர்கும் ஏரியல் நோவோபிளான்ஸ்கியும் 1997லேயே வழி காட்டியிருந்தார்கள். வறண்ட நிலத்தில் காலம் இரண்டாகப் பிரிகிறது: மழை பெய்து ஈரம் இருக்கும் சில நாட்கள், அடுத்த மழை வரை நீளும் வறண்ட நாட்கள். ஈரநாட்களில் செடி வளர்கிறது. வறண்ட நாட்களில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. போட்டி வளர்ச்சியைக் குறைக்கும். உதவி உயிரைக் காக்கும். ஒரே நாற்று ஒரே புதரடியில் மெதுவாக வளர்ந்தபடியே நீண்டநாள் பிழைத்திருக்கலாம். வளர்ச்சியை அளந்தவர் ‘பகை’ என்று எழுதுவார். பிழைத்தவற்றை எண்ணியவர் ‘நட்பு’ என்று எழுதுவார். இருவர் சொன்னதும் மெய்.

இன்னொரு பாதி, எந்தச் செடிக்கு எந்தச் செடி என்பதில் இருக்கிறது. மொஹாவியில் ஹோல்ட்சாப்ஃபெலும் மகாலும் 1999இல் இருபக்கமும் கணக்குப் பார்த்தார்கள். புதர் தன் அடியில் முளைத்த ஒருபருவச் செடிகளுக்கு நன்மை செய்தது. அந்தச் செடிகளோ புதரின் நீரைக் குடித்து அதற்குத் தீங்கு செய்தன. ஸ்பெயினின் அல்மேரியாவில் புக்னேர் குழு 1996இல் கண்டது வேறு: ரெட்டாமா புதரும் அதன் அடியில் வளரும் மருபியம் செடியும் ஒன்றுக்கொன்று நன்மை செய்துகொண்டன. ரெட்டாமாவின் வேர் 20 மீட்டருக்கும் ஆழமாக இறங்கக்கூடியது. மேல்மண் நீரை நம்பி வாழும் சின்னச்செடியோடு அதற்குச் சண்டை போட என்ன இருக்கிறது?

உறவுமுறையும் பேசுகிறது. மத்தியதரைக்கடல் வகைத் தட்பவெப்பம் உள்ள இடங்களின் தாவரங்களை ஆராய்ந்து வாலியென்டே பானுவெட், மிகேல் வெர்து முதலானோர் 2006இல் எழுதியது, ஈரமான பழங்காலத்தில் தோன்றிய தாவரக் குடும்பங்கள் இன்றைய வறட்சியில் பிழைத்திருப்பது, பிற்காலத்தில் தோன்றிய வறட்சிதாங்கிச் செடிகளின் நிழலில் என்பது. நெருங்கிய உறவுச் செடிகளுக்குத் தேவைகள் ஒன்றுபோல இருப்பதால் அவை மோதிக்கொள்கின்றன. தூரத்து உறவுகள் ஒத்துப்போகின்றன. ஊரில் சொத்துப் பிரித்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதுச்செய்தி அல்ல.

ஒரே பேரினம், இரண்டு மரங்கள்

இத்தனையும் நம் ஊருக்கு வருவது வன்னி மரத்திலும் சீமைக்கருவேலத்திலும். இரண்டும் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்துப் பேசப்பட்டவை. இரண்டும் முள்மரம், இரண்டும் பயறுக் குடும்பம், இரண்டும் வறட்சியை வென்றவை.

வன்னி திருவான்மியூரிலும் விருத்தாசலத்திலும் தலவிருட்சம். இராஜஸ்தானில் அதற்குக் கேஜ்ரி என்று பெயர். 1983இல் மாநில மரமானது. 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களைக் காக்க அமிர்தா தேவியும் பிஷ்னோய் மக்களும், மொத்தம் 363 பேர், உயிர் கொடுத்தார்கள் என்பது அம்மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூரும் வரலாறு. பக்திக்கு அடியில் விவசாயக் கணக்கும் இருக்கிறது. தார் பாலைவனத்து விவசாயிகள் கம்பங்கொல்லைக்குள் கேஜ்ரியை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் பயிர் கெடுவதில்லை, பல இடங்களில் கூடுதலாகவே விளைகிறது. ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்டமண்டல ஆராய்ச்சி நிறுவனம் இந்த மரத்துக்கென்றே 1980இல் தனி நூல் வெளியிட்டது. வேர் ஆழமாக இறங்குகிறது. மழைப்பயிரின் வேர் மேலே நிற்கிறது. குளிர்காலத்தில் கிளைகளைக் கழித்து ஆடுமாடுகளுக்குத் தழை போடுகிறார்கள். கழிப்பதால் மரத்தின் நிழலும் நீர்த்தேவையும் அடங்குகின்றன. இந்த உறவில் மூன்றாம் ஆள் ஒருவர் இருக்கிறார்: கையில் அரிவாளோடு மனிதர்.

சீமைக்கருவேலம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் கண்மாய்க்குள்ளும் தரிசிலும் அது மண்டிக்கிடப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கரிமூட்டம் போட்டு அதனால் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. ரஜ்வந்த் கௌர், இந்தர்ஜித், கால்லவே முதலானோர் 2012இல் வெளியிட்ட ஒப்பாய்வு இந்த இரண்டு மரங்களையும் அருகருகே வைத்தது. இந்தியாவில் சீமைக்கருவேலத்தின் அடியில் செடிவகைகளின் எண்ணிக்கை வெளியிடத்தைவிடக் குறைந்திருந்தது. வன்னியின் அடியில் அந்தச் சரிவு மிகக் குறைவு. சீமைக்கருவேலத்தின் தாயகமான வெனிசுவேலாவிலும் அதன் அடியில் அந்தச் சரிவு இல்லை. மண்வளம் குறைந்ததால்தான் என்றும் சொல்ல முடியாது. அதன் அடி மண்ணில் சத்து இருந்தது. தாயகத்தில் அதனோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பழகிய செடிகள் அதன் சருகின் வேதிப்பொருளைத் தாங்குகின்றன. நம் செடிகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பதே பொருத்தமான விளக்கம். அண்டை உறவுக்கு நெடுநாள் பழக்கம் வேண்டும் என்பதை இந்த மரத்தைவிடத் தெளிவாக எதுவும் காட்டவில்லை.

மரம்தான் என்றில்லை. கேழ்வரகோடு துவரை போடும் வழக்கம் தருமபுரி, கிருஷ்ணகிரி, தென்கர்நாடகப் பக்கம் பழையது. தொட்டிகளில் இரண்டையும் சேர்த்து வளர்த்து, வேர்ப்பூஞ்சையும் சேர்த்த ஆய்வுகளில், ஆழவேர் விட்ட துவரையின் துணையால் மேல்மண் காய்ந்தபோதும் கேழ்வரகு கூடுதலாகத் தாக்குப்பிடித்தது. வயலில் இடைவெளியும் விதைப்புக் காலமும் தவறினால் துவரை போட்டியாளனாகிவிடும் என்பதை மானாவாரி விவசாயி யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

வெட்டிய புதரும் விட்ட புதரும்

ஆப்பிரிக்காவின் சஹேல் பகுதியில் இந்தப் பாடத்தை ஒரு தலைமுறை தன் வயலில் கற்றது. செனகலில் கியேரா என்ற நாட்டுப்புதரை விதைப்புக்கு முன் வெட்டி எரிப்பது வழக்கம். அதை வெட்டாமல் கம்போடு வளரவிட்ட சோதனை வயல்களில், நடுப்பருவத்தில் செயற்கையாக வறட்சி உண்டாக்கியபோது, புதரோடு இருந்த கம்பு தப்பியது. டியூட்டீரியம் கலந்த நீரைப் புதரின் வேரில் செலுத்த, அது கம்பில் வந்து தென்பட்டது என்று 2018இல் நத்தானியல் போகி குழு எழுதியது. நைஜரின் மராடி பகுதியில் 1980களில் டோனி ரினாடோ விவசாயிகளோடு சேர்ந்து தொடங்கிய முறை அதைவிட எளிது: நாற்று நடவில்லை, வயலில் வெட்டுப்பட்டுக் கிடந்த அடிக்கட்டைகளின் தளிரைக் கவாத்து செய்து வளரவிட்டார்கள். பரப்பளவு பெருகிப் பெருகி சுமார் 50 இலட்சம் ஹெக்டேரை எட்டியது. அங்கே பெரிதும் போற்றப்படும் ஒரு வேலமரம் மழைக்காலத்தில் இலையுதிர்த்துக் கோடையில் தழைக்கிறது. பயிர் வளரும் காலத்தில் நிழலும் இல்லை, நீர்ப்போட்டியும் இல்லை. சருகு மட்டும் உரமாகிறது. செவிலிக்கு இலக்கணம் எழுதினால் அந்த மரத்தை வைத்துத்தான் எழுத வேண்டும்.

காடு வளர்ப்பில் இதற்கு நிகரான சான்று ஸ்பெயினின் சியெர்ரா நெவாடா மலையிலிருந்து வருகிறது. அங்கும் மரக்கன்று நடுவதற்கு முன் புதர்களைப் போட்டியாளர்கள் என்று சொல்லி அழிப்பதே வனத்துறை மரபு. லொரேனா கோமஸ் அபாரிசியோவும் கூட்டாளிகளும் 16 வகைப் புதர்களின் அடியிலும் வெளியிடத்திலும் 11 மர, புதர் இனங்களின் கன்றுகளை, 18,000க்கும் அதிகமாக, நட்டு 146 சோதனைகளைத் தொகுத்து 2004இல் வெளியிட்டார்கள். புதரடியில் நட்டவை பிழைத்த விகிதம் வெளியில் நட்டதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். தாழ்வான, வெயில் தாக்கும் சரிவுகளில் பலன் மிகுதி. எல்லாப் புதரும் உதவவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. பயறுக் குடும்பத்துப் புதர்களும் முட்புதர்களும் காத்தன, சிஸ்டஸ் புதர்கள் கெடுத்தன.

இதற்கெல்லாம் மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஹோர்னாடா புல்வெளி அதிக மேய்ச்சலாலும் வறட்சியாலும் புதர்க்காடாக மாறியதை வைத்து வில்லியம் ஷ்லெசிங்கர் குழு 1990இல் எழுதியது: புல்வெளியில் பரவலாக இருந்த நீரும் சத்தும் புதரடிகளில் குவிய, இடைவெளி கட்டாந்தரையாகி, நிலமே பாலையாகிறது. புதரடியில் நின்று பார்த்தால் வளத்தீவு. உயரத்திலிருந்து பார்த்தால் பாலைவனமாதல். எந்த அளவில் பார்க்கிறோம் என்பதைச் சொல்லாமல் உதவி, கேடு என்று பேசுவதில் பொருள் இல்லை.

இத்தனை ஆய்வுகளையும் அடுக்கிப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த இடம் இது. செடிகள் போட்டியிடுகின்றனவா, உதவுகின்றனவா என்று கேட்பது தவறான கேள்வி. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மேலே நிழல் கொடுக்கும் அதே நொடியில் கீழே வேர் பறிக்கிறது. நாம் காண்பது கழித்தது போக மிஞ்சிய கணக்கு. செடியின் வயது, வேரின் ஆழம், அந்த ஆண்டின் மழை, மேயும் ஆடு, அண்டைகளின் பழக்கம் ஆகியவை அந்தக் கணக்கை நிமிர்த்தவும் சாய்க்கவும் வல்லவை. நெருக்கடிப் படிநிலையை முதல் ஊகமாக வைத்துக்கொள்ளலாம்; முடிவாக வைத்துக்கொள்ளக் கூடாது. நாற்றுப் பருவத்தில், வெயிலும் மேய்ச்சலும் கொல்லும் இடத்தில், ஆழவேர் விட்ட நாட்டுப் புதரின் துணை பெரும்பாலும் நன்மையே என்பதை மட்டும் துணிந்து சொல்வேன்.

தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் மரக்கன்று நடும் ஆர்வம் இப்போது பெருகியிருக்கிறது; நல்லதுதான். ஆனால் நடுவதற்கு முன்நாள் பொக்லைன் வந்து உடை, காரை, சூரை, இலந்தை என்று இருந்த புதர் அத்தனையையும் வழித்தெடுத்துவிட்டு, வெறுந்தரையில் வரிசையாகக் குழி போடுகிறார்கள். அடுத்த சித்திரை வெயிலில் கன்று கருகுகிறது. நடப்போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. வழிப்பதற்கு முன் ஒருநாள் அந்தப் புதர்களின் அடியில் குனிந்து, என்னென்ன முளைத்திருக்கிறது என்று எண்ணுங்கள். பக்கத்து வெளியிலும் எண்ணுங்கள். சீமைக்கருவேலத்தடியில் எண்ணிக்கை குறைந்திருந்தால் அதை எடுங்கள். நாட்டுப் புதரடியில் கூடியிருந்தால் அதை விட்டுவைத்து, பிற்பகல் நிழல் விழும் கிழக்குப் பக்கமாக உங்கள் குழியைப் போடுங்கள்.